கேள்வி கேட்டு, பதில் வரும் வரை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. புதிதாக நிரல் எழுத உட்கார்ந்தால் கை ஓடுகிறது, பக் (நிரலில் உள்ள பிழை) பிடிக்க உட்கார்ந்தால் மட்டும் பொழுது போன இடம் தெரியவில்லை என்கிறாய். எழுதுவது கட்டுகிற வேலை, பிழை தேடுவது விசாரிக்கிற வேலை. கேட்ட கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் விசாரணையின் தாளத்தைத் தீர்மானிக்கும்.

ஒன்றை மாற்றி, பில்ட் ஓட்டி (நிரலை இயங்கும் வடிவில் கட்டி), லாகின் செய்து, நாலு திரை தாண்டிப் பார்க்க 5 நிமிடம் ஆனால், அதற்குள் கை போனை எடுத்துவிடும். எதைச் சோதித்தோம் என்பதே மறந்துபோகும். ஆகவே திருத்தத்தில் இறங்காதே. முதலில் அந்தப் பிழையைச் சில நொடிகளில் வரவழைக்கும் டெஸ்ட் ஒன்றை, அதாவது தானாகச் சோதிக்கும் சின்ன நிரலை, எழுது. அரை நாள் போனாலும் போகட்டும்.

உன் தேடல் பிழையையே எடுத்துக்கொள். ‘கொடி’ என்று தேடினால் சில பதிவுகள் வருகின்றன, சில வருவதில்லை. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பைத்தானில் நீளத்தைச் சொல்லும் ‘லென்’னை இரண்டு ‘கொ’வுக்கும் போட்டுப் பார்: ஒன்றுக்கு 2 வரும், மற்றதற்கு 3. இந்த இரண்டு எழுத்துச் சரங்களும் சமமா என்று கேட்கும் டெஸ்ட் மூன்று வரிதான். திருத்தம் என்எஃப்சி நார்மலைசேஷன், அதாவது பிரிந்திருப்பதை ஒரே குறியாகச் சேர்ப்பது. அதைத் தேடும் சொல்லுக்கு மட்டும் செய்துவிடாதே, இதுவரை கிடைத்துவந்த பிரிந்த வடிவப் பதிவுகளும் கிடைக்காமல் போகும். சேமிக்கும் இடத்திலும் செய், பழைய தரவையும் மாற்று, தேடலுக்கான அட்டவணையான இண்டெக்ஸைத் திரும்பக் கட்டு.

போன மாதம் சரியாக இருந்தது இப்போது உடைந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’டில் ‘பைசெக்ட்’ என்ற கட்டளை இருக்கிறது. 1000 கமிட் (பதிந்த மாற்றம்) என்றாலும் பாதி பாதியாக வெட்டி 10 சோதனையில் குற்றவாளியைக் காட்டும். ‘பைசெக்ட் ரன்’னுக்கு ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்தால் தானாகவே ஓடும். சரி என்றால் 0, பிழை என்றால் 1, பில்டே ஆகாத கமிட்டுக்கு 125 என்று ஸ்கிரிப்ட் திருப்ப வேண்டும். இந்த 125ஐ மறந்தால் பில்ட் ஆகாத கமிட்டும் குற்றவாளிக் கணக்கில் சேரும், முடிவு தப்பாகும்.

என்ன நடக்கிறது என்று பார்க்க நிரலில் பிரிண்ட் போட்டதும் மறைகிற பிழை வேறு ஜாதி. ஒரே நிரலில் ஒரே சமயத்தில் ஓடும் த்ரெட்களுக்கு இடையிலான நேரம் பிரிண்டினால் மாறுகிறது. அங்கே நினைவகத்தில் ஒரு சின்ன பஃபரில் (தற்காலிக இடத்தில்) எழுதிவைத்துக் கடைசியில் கொட்டிப் பார்.

25 நிமிட டைமர் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். நிரல் எழுத அது சரி. பக் தேடும்போது பாதி யோசனையில் மணியடித்துக் கெடுக்கும். இடைவேளையை ஊகங்களுக்கு நடுவில் வை. ஊகம், சோதனை, விடை என்று நோட்டில் ஒரு வரி எழுது. ஊகம் பொய்த்தால் அதற்காகச் செய்த மாற்றத்தைக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போ. இல்லாவிட்டால் எந்த மாற்றம் எதைச் செய்தது என்றே தெரியாது. அடுத்தடுத்து மூன்று ஊகம் பொய்த்தால், நீ திருத்தும் கோப்புதான் ஓடுகிறதா என்று பார். வேண்டுமென்றே ஒரு எழுத்துப்பிழை வை. நிரல் உடையாவிட்டால் ஓடுவது வேறு கோப்பு.

சாயங்காலம் எழும்போது டெஸ்ட் சிவப்பாகவே (தோற்றபடியே) இருக்கட்டும், அடுத்த ஊகத்தை மட்டும் அதன்மேல் கமெண்டாக எழுதிவை. தேடல் பிழைக்காகப் பழைய தரவை மாற்றுமுன் பேக்கப் எடுக்க மறக்காதே. நார்மலைஸ் செய்தபின் ஒன்றாகிவிடும் பெயர்கள் இருக்கும், ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாது என்னும் யூனிக் கட்டுப்பாடு அங்கே இடறும். அவற்றை முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்.

அன்புடன்,
ரவி