சமுதாயக் கல்லூரி ஆட்சிக் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவில் குடியுரிமை பெற்று வாழும் தமிழர்களில், பள்ளியிலோ கல்லூரியிலோ பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர்கள் பலர் உண்டு. அவர்கள் தங்கள் வட்டாரச் சமுதாயக் கல்லூரியின் (பெரும்பாலும் ஈராண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) ஆட்சிக் குழுவுக்குப் போட்டியிட முன்வர வேண்டும். ஆனால் அங்கே போய் அமர்ந்த பின் என்ன செய்வது, எதைத் தொடக்கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இந்தக் கடிதம் அதற்காகவே.

நம் ஊரில் கல்லூரி ஆட்சிக் குழுவை நிர்வாகமே நியமிக்கும். கலிஃபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகளை நடத்தும் 73 டிஸ்ட்ரிக்டுகளில் (கல்லூரி வட்டாரங்களில்), ஒன்றைத் தவிர மற்றவற்றில் குழுவைத் தேர்ந்தெடுப்பவர்கள் வாக்காளர்கள். பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு பேர், பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். 18 வயது நிரம்பி, அந்தப் பகுதியில் குடியிருந்து, வாக்காளராகப் பதிவு செய்திருந்தால் போதும், பட்டம் கேட்பதில்லை. வேட்புமனு தாக்கல் தேர்தலுக்கு 113 நாள் முன்பு தொடங்கி 88ஆவது நாளில் முடியும். நவம்பர் தேர்தல் என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முற்பகுதி வரை. வாக்காளர் கையேட்டில் அச்சாகும் வேட்பாளர் அறிக்கைக்குத்தான் செலவு பிடிக்கும். மனு வாங்கும்போதே தேர்தல் அலுவலகத்தில் அந்தத் தொகையைக் கேட்டுவிடுவது நல்லது.

கோயில் அறங்காவலர் கணக்குப் பார்ப்பார், கருவறைக்குள் போய் பூசை செய்யமாட்டார். கல்லூரி டிரஸ்டியின், அதாவது ஆட்சிக் குழு உறுப்பினரின், நிலையும் அதுதான். முப்பது ஆண்டு வகுப்பெடுத்தவருக்கு இது எளிதில் பிடிபடாது. பாடத்திட்டத்தைத் திருத்தலாம், துறைத்தலைவரைக் கூப்பிட்டு யோசனை சொல்லலாம் என்று கை துறுதுறுக்கும். செய்யக்கூடாது. குழு நேரடியாக வேலை வாங்கக்கூடியவர் கல்லூரித் தலைவரோ சான்சலரோ (டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகி) ஒருவர் மட்டுமே. பாடத்திட்டம், மதிப்பெண் முறை போன்றவற்றில் பேராசிரியர் பேரவையின் கருத்தைக் கேட்டே குழு முடிவெடுக்க வேண்டும் என்று மாநில விதி இருக்கிறது. தனி உறுப்பினருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கூட்டத்தில் போடும் வாக்குதான் அதிகாரம்.

அப்படியானால் ஆசிரியர் எதற்கு? வகுப்பை ரத்து செய்யும் விவகாரத்தைப் பாருங்கள். ஒரு முழுநேர மாணவர் என்பது 525 வகுப்பு மணி என்று, நிதி தருவதற்காக மாநிலம் கணக்கு வைத்திருக்கிறது. வாரம் 3 மணி நேர வகுப்பில் 35 பேர் இருந்தால், 17.5 வாரத்துக்கு 1,837.5 மணி, 525ஆல் வகுத்தால் மூன்றரை முழுநேர மாணவர். அதே வகுப்பில் 14 பேர் என்றால் 1.4தான். ஆசிரியர் சம்பளம் இரண்டுக்கும் ஒன்றே. தலை எண்ணுவது பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்த நாளில். அதற்கு முன் விலகியவர் கணக்கில் வரமாட்டார். யூனிட்டுக்கு (பாட அலகுக்கு) 46 டாலர் கட்டணத்தைக் கட்டத் தவறினார் என்று பெயரை நீக்கினால், மாணவருக்கும் நஷ்டம், கல்லூரிக்கும் நஷ்டம்.

கணக்கு மட்டும் தெரிந்தவர், 14 பேர் வகுப்பை எடுத்துவிடு என்பார். ஆசிரியராக இருந்தவருக்குத் தெரியும், அது இயற்பியல் வரிசையின் கடைசிப் பாடமாக இருக்கலாம். அதை எடுத்தால் பல்கலைக்கழகத்துக்கு மாறக் காத்திருக்கும் மாணவருக்கு ஓராண்டு போய்விடும். "இது மறுபடி எப்போது வரும்? இது இல்லாமல் யாருக்குப் பட்டம் தள்ளிப்போகும்?" இந்த இரண்டு கேள்விகளைப் பொதுக் கூட்டத்தில் கேட்பதற்குத்தான் ஆசிரியர் அங்கே தேவை. 2018-19 முதல் நடப்பில் இருக்கும் நிதிச் சூத்திரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு சேர்க்கைக்கு, 20 விழுக்காடு ஏழை மாணவர் எண்ணிக்கைக்கு, 10 விழுக்காடு பட்டம் முடிப்பது போன்ற விளைவுகளுக்கு. ஆகவே முடிக்கவிடாமல் வகுப்பை வெட்டுவது வரவையும் வெட்டும். சான் மட்டேயோ, மரின் போல உள்ளூர்ச் சொத்து வரியே போதுமான டிஸ்ட்ரிக்டுகளுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. தன் டிஸ்ட்ரிக்ட் எந்த வகை என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வரவுசெலவுத் திட்டத்தின் முதல் வடிவம் ஜூலை 1க்குள், இறுதி வடிவம் செப்டம்பர் 15க்குள் நிறைவேற வேண்டும். அதில் பெரும்பகுதி சம்பளமும் சலுகைகளும்தான். ஆபத்து வருவது பெரும்பாலும் ஒரே வழியில்: மூன்றாண்டு மானியம் வருகிறது, அதை வைத்து நிரந்தர வேலைக்கு ஐந்து பேரை எடுக்கிறார்கள், நான்காம் ஆண்டு மானியம் இல்லை, சம்பளம் இருக்கிறது. ஒவ்வொரு நியமனத்தின்போதும் "இது ஒருமுறைப் பணமா, ஆண்டுதோறும் வருவதா?" என்று கேட்டே ஆக வேண்டும். கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்குக் குறையாமல் இருக்கட்டும் என்பது மாநிலச் சமுதாயக் கல்லூரி அலுவலகத்தின் பரிந்துரை. கல்விச் செலவில் பாதி வகுப்பெடுப்போரின் சம்பளத்துக்குப் போக வேண்டும் என்ற சட்டமும் உண்டு. ஆலோசகரும் நூலகரும் அந்தப் பாதியில் சேரமாட்டார்கள். மாணவருக்கு மிகவும் தேவையான ஆலோசகர்களை நியமிக்கும்போது கணக்கு எதிர்ப்பக்கம் சாய்வது இதனால்தான். இந்தச் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பது என் கருத்து. இருக்கும்வரை பின்பற்றித்தான் ஆக வேண்டும்.

கணக்கும் நிர்வாகமும் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு காம்ப்டன் கல்லூரியே சாட்சி. 2006இல் அங்கீகாரத்தை இழந்தது. எல் கமீனோ கல்லூரியின் கிளையாக இயங்கி, 2017இல்தான் மீட்டது. சான் பிரான்சிஸ்கோ சிட்டி கல்லூரிக்கு 2012இல் எச்சரிக்கை வந்தது. அடுத்த ஆண்டு அதன் குழுவின் அதிகாரத்தை மாநிலம் நியமித்த சிறப்பு டிரஸ்டி எடுத்துக்கொண்டார்.

இனி வாட்ஸ்அப். பொது அமைப்புகளின் கூட்டம் மக்கள் அறிய நடக்க வேண்டும் என்னும் 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். ஐந்து பேர் குழுவில் நீங்கள் ஒருவரிடம் பேசி, அவர் அதையே மூன்றாமவரிடம் பேசினால், பெரும்பான்மை ரகசியமாகக் கூடியதாகிவிடும். குழுச் செய்தியில் ஒரு 'சரி' போட்டாலும் சிக்கல். சொந்தக் கைபேசியில் இருந்தாலும் கல்லூரி வேலை பற்றிய செய்தி பொது ஆவணமே என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. நிரலில் இல்லாத குறையை ஒரு மாணவி கண்ணீரோடு சொன்னாலும் குழு அதை அங்கே விவாதிக்க முடியாது. அலுவலரிடம் விசாரிக்கச் சொல்லலாம், அடுத்த நிரலில் சேர்க்கக் கேட்கலாம். ஆசிரியர் மனத்துக்கு இது கடினம். ஆனாலும் வாயைக் கட்ட வேண்டும்.

அதே கல்லூரியில் ஓய்வுபெற்றவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஓய்வுபெற்றோர் மருத்துவக் காப்பீடு வாக்கெடுப்புக்கு வரும்போது அது அவருடைய காப்பீடும்கூட. வாக்களிப்பதற்கு முன் கல்லூரி வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்க வேண்டும். பழைய சகாக்கள் சம்பளப் பேச்சுவார்த்தை பற்றித் தொலைபேசியில் கேட்பார்கள். மூடிய அமர்வில் கேட்டதை வெளியே சொல்வது சட்டமீறல்.

தேர்தல் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. 55 விழுக்காடு வாக்கில் நிறைவேறும் கட்டடக் கடன்பத்திரங்களுக்குக் குறைந்தது ஏழு பேர் கொண்ட குடிமக்கள் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும். அதில் மூத்த குடிமக்கள் அமைப்பில் செயல்படும் ஒருவருக்கு இடம் ஒதுக்கியே இருக்கிறது. கட்டடப் பணம் நிர்வாகச் சம்பளத்துக்குப் போகிறதா என்று ஆண்டுத் தணிக்கையைப் புரட்டிப் பார்ப்பது அதன் வேலை. பல இடங்களில் இந்த நாற்காலிக்கு ஆள் தேடுகிறார்கள். கல்லூரித் தலைவர் அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள்.

இப்படிக்கு,
கலிஃபோர்னியா வாசகர்