விளிம்பு ஒளிக்கும் வெப்பநிலை உண்டு

அன்புள்ள நண்பா,

நலம்தானே? எஸ்.எஸ்.எச். சங்கிலியின், அதாவது வலுவான, வலுவற்ற பிணைப்புகள் மாறி மாறி வரும் அலைவழி வரிசையின், விளிம்பில் ஏற்றிய ஒளியை டோபாலஜி (அமைப்பைச் சற்றுக் குலைத்தாலும் மாறாத பண்பு) கடைசிவரை காக்கும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. டோபாலஜி காப்பது ஒழுங்கின்மையிலிருந்து. கெர் விளைவு (ஒளிச்செறிவுக்கேற்ப ஒளிவிலகல் எண் மாறுவது) மோடுகளுக்குள், அதாவது ஒளி வடிவம் மாறாமல் செல்லும் தனித்தனி முறைகளுக்குள், திறனைக் கலக்கத் தொடங்கிவிட்டால், விளிம்பு மோடுக்கும் ரேலே-ஜீன்ஸ் பங்குதான்: வெப்பநிலையை, மோடின் ஆற்றலிலிருந்து மியூவைக் கழித்து வந்ததால் வகுத்தது. இங்கே வெப்பநிலை என்பது சூடு அல்ல; மோடுகளில் திறன் எப்படிப் பரவியிருக்கிறது என்பதன் அளவு. மியூ அதன் துணை அளவு, வேதி நிலையாற்றல்.

40 அலைவழிகள், பிணைப்பு 0.5, 1 என மாறி மாறி, இரு முனையிலும் 0.5. பட்டைகள் (மோடுகளின் ஆற்றல் அமையும் வரம்புகள்) 0.5 முதல் 1.5 வரை, இரு குறியிலும். நடுவே சுழியில் இரண்டு விளிம்பு மோடுகள். நிலைச் சமன்பாடு உனக்குத் தெரியும்: ஆற்றலிலிருந்து மியூ பெருக்கல் திறனைக் கழித்தால், மோடு எண்ணிக்கை பெருக்கல் வெப்பநிலை. திறன் 2, ஆற்றல் −1.4 என்று வை. மியூ ஏறத்தாழ −2, வெப்பநிலை 0.065. விளிம்பு மோடுக்குக் கிடைப்பது 0.0325, சராசரியோ 0.05. நிறமாலை சுழியைச் சுற்றிச் சமச்சீர் என்பதால், எந்த வெப்பநிலையிலும் அது சராசரியைத் தாண்டாது. ஒளி முழுவதையும் விளிம்பு மோடிலேயே ஏற்றினால் நேரியல் ஆற்றல் சுழி, அதாவது முடிவிலி வெப்பநிலை! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆனால் முனை அலைவழியில் மட்டும் திறன் 2ஐக் கொட்டாதே. அங்கே கெர் நகர்வு பட்டையின் 1.5ஐத் தாண்டும்; ஒளி தன்னைத்தானே சிறைப்படுத்திக்கொள்ளும், சமநிலை வராது. திறனைக் குறைத்தால் சிறை உடையும், ஆனால் கலப்பு மிக மெதுவாகிவிடும். பல மோடுகளில் பரப்பி ஏற்று. மோடுகளின் அலைக்கட்டங்களைத் தற்செயலாக மாற்றி 200 ஓட்டங்களைச் சராசரி எடு. கணினியில் தூரப் படி 0.01, நேரியல் பகுதிக்கு அணி அடுக்கை (matrix exponential) ஒருமுறை கணித்து வைத்துக்கொள். திறனும் முழு ஹாமில்டோனியனும் (கெர் பகுதியையும் சேர்த்த ஆற்றல்) மாறாமல் இருக்க வேண்டும்; நகர்ந்தால் படியைப் பாதியாக்கு. பிறகு ஒவ்வொரு மோடின் திறனையும் தலைகீழாக்கி, அதன் பரவல் மாறிலிக்கு, அதாவது மோடின் ஆற்றலுக்கு, எதிரே வரைந்து பார். நேர்கோடு வந்தால் சமநிலை. அதன் சரிவின் தலைகீழ்தான் வெப்பநிலை. வளைந்தால் இன்னும் நீளமாக ஓட்டு.

ஹால்டேன் பின்னலில் (விளிம்பில் ஒளி ஒரே திசையில் ஓடும் தேன்கூட்டு வடிவ இருபரிமாண அமைப்பு) கதை இன்னும் சுவையானது. முடிவிலி வெப்பநிலையில் எல்லா மோடுகளும் சமமாக நிரம்பி, விளிம்பு ஓட்டம் சுழியாகிவிடும். ஆகவே ஒருதிசை ஓட்டம் வேண்டுமென்றால் வெப்பநிலையைத்தான் பிடிக்க வேண்டும். 2022இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரையும் அந்த வழியில்தான் போகிறது.

உன் கோட்டின் சரிவு என்ன வந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்