சொந்தக் கருவிக்கு மாதச் சந்தா

ஐயா,

வீட்டுக் கருவிகளைக் கைபேசி மூலம் இயக்க உதவும் ஸ்மார்ட் வீட்டுத் தளங்கள் சில, இலவசமாக இணைக்கக்கூடிய கருவிகளை ஓரிரண்டோடு நிறுத்திவிட்டு, மேலதிகமாக வேண்டுவோரிடம் டொலரில் மாதச் சந்தா கேட்பது, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஆர்வத்தினால் இத்தகைய கருவிகளைச் செய்து பார்க்கும் மாணவர்களுக்குப் பெரும் தடையாக இருக்கிறது.

மேல்தளத் தண்ணீர்த் தாங்கியின் நீர்மட்டத்தை அறிய வைஃபை வசதியுள்ள ஒரு சிறு இஎஸ்பி8266 மின்னணுப் பலகை, கிணற்றடி மோட்டரை நிறுத்த ரிலே என்னும் மின்சார ஆளியுடன் இன்னொன்று, கோழிக்குஞ்சுப் பெட்டியின் சூட்டைப் பார்த்து மின்குமிழை அணைக்க மற்றொன்று என்று வைத்தால், ஒரு சாதாரண வீட்டிலேயே மூன்றாகிவிடும். மூன்றாவது பலகைக்காக மாதம் 5 டொலர் கட்ட நேர்ந்தால், டொலரை 300 ரூபாயாகக் கொண்டாலும் ஆண்டுக்கு 18,000 ரூபாய்; பலகைகளின் விலையைவிட அது பன்மடங்கு. பணம் இருந்தாலும், கடனட்டை இல்லாத உயர்தர வகுப்பு மாணவர் அதை எப்படிச் செலுத்துவார்?

சேவையகம் நடத்தச் செலவுண்டு. எல்லாவற்றையும் இலவசமாகக் கேட்பது நியாயமன்று. ஆனால் கருவிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பதால், நாளுக்குச் சில தடவை மட்டும் நீர்மட்டத்தை அனுப்பும் பலகையும் நொடிக்கு நொடி தகவல் அனுப்பும் தொழிற்சாலைக் கருவியும் ஒன்றாகிவிடுகின்றன. அனுப்பும் தகவலின் அளவுக்கேற்பக் கட்டணம் வைத்தால் பொழுதுபோக்காகச் செய்வோர் பெரும்பாலும் இலவச எல்லைக்குள்ளேயே நிற்பர். விதிகள் இடைநடுவே மாறுவதும் உண்டு: கருவிகளையும் இணையச் சேவைகளையும் இணைக்கும் ஐஎஃப்டிடிடி தளம், இலவசப் பயனர்கள் சொந்தமாக உருவாக்கும் அப்லெட்டுகளை (‘இது நடந்தால் அதைச் செய்’ என்னும் தானியங்கு விதிகளை) 2020இல் மூன்றாக மட்டுப்படுத்தியது; கருவிகளைக் கைபேசியில் இயக்க உதவும் பிளிங்க் தளம் தன் பழைய சேவையை 2022 இறுதியில் மூடியது.

அந்நிறுவனங்கள் நம் சொற்கேட்டு மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே தொழில்நுட்பப் பாட ஆசிரியர்களும், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் பயிலரங்கு நடத்துவோரும், சந்தாத் தளங்களில் தொடங்காமல், வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட், கருவிகளிடையே தகவலைப் பரிமாறும் மொஸ்கிட்டோ ஆகிய இலவசத் திறந்தமூல மென்பொருள்களைப் பழைய மடிக்கணினியொன்றில் நிறுவிக் கற்பிக்க வேண்டும். தாங்கி நிரம்பியதும் மோட்டரை நிறுத்தும் கட்டளை வெளிநாட்டுச் சேவையகம்வரை போய்த் திரும்ப வேண்டிய தேவையே இல்லை. வீட்டு வைஃபைக்குள்ளேயே அது முடிந்துவிடும், இணைய இணைப்பு அறுந்தாலும் வேலை செய்யும். வெளியூரிலிருந்து பார்ப்பதற்குச் சற்றுக் கூடுதல் அமைப்பு வேண்டும் என்பது உண்மையே, அதுவும் கற்றுக்கொள்ளக்கூடியதுதான்.

அலுவலகங்களில் கழித்து ஒதுக்கப்பட்ட கணினிகளுள் இயங்கக்கூடியவற்றை இதற்கெனப் பாடசாலைகளுக்கு வழங்க வலயக் கல்வி அலுவலகங்கள் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
களுதாவளை.