நகைக்கடை முதலாளிமாரே, வெள்ளிக்கும் ஒரு விலைப்பலகை போடுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் நகைக்கடை நடத்தும் முதலாளிமாருக்கு வணக்கம்.

நான் தோட்டத்தில் சீட்டுப் பிடிப்பவள். சீட்டு எடுக்கும் பெண்களில் சிலர் இப்போது அதைக் காசாக வைத்திருக்கப் பயப்படுகிறார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஓடியதைப் பார்த்தவர்கள், பயப்படாமல் என்ன செய்வார்கள்? பவுன் இலட்சங்களில் நிற்கிறது. 1,350 ரூபா நாட்சம்பளம் வாங்கியவர்களிடம் பவுனைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். வெள்ளிக் கொலுசு வாங்கினால் கூலியும் சேதாரமும் போய்விடும். அதனால்தான் வெள்ளி நாணயம் கேட்டு உங்கள் கடைக்கு வருகிறார்கள்.

வந்தால் கிடைக்கும் பதில், "வெள்ளியே இல்லை, உலகம் முழுக்கத் தட்டுப்பாடு." கொஞ்ச நேரம் நின்றால் லாச்சியிலிருந்து ஒன்றிரண்டு நாணயம் வெளியே வரும், வாயில் வந்த விலையோடு.

தட்டுப்பாடு பொய் என்று நான் சொல்லவில்லை. 2025 ஒக்டோபரில் வெள்ளி ஓர் அவுன்ஸ் 50 டொலரைத் தாண்டியது. ஹண்ட் சகோதரர்கள் என்ற அமெரிக்கப் பணக்காரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்த 1980 இன் உச்சத்தையும் அது கடந்தது. அமெரிக்கா இறக்குமதி வரி போடும் என்ற பயத்தில் 2025 தொடக்கத்தில் நிறைய வெள்ளி நியூயோர்க்குக்குப் போயிருந்தது. தீபாவளியையொட்டி இந்தியாவிலும் வாங்கித் தள்ளினார்கள். உலக வெள்ளி வியாபாரத்தின் மையமான இலண்டனில் உடனே கொடுக்கச் சரக்குப் போதாமல், பாளங்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வெள்ளியின் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்புச் சுரங்கங்களில் கூடவே கிடைப்பது. விலை ஏறியதும் அதிகமாகத் தோண்டி எடுத்துவிட முடியாது.

ஆனால் வெள்ளித் தட்டுப்பாடு வேறு, நாணயத் தட்டுப்பாடு வேறு. 2020 மார்ச்சில் வெள்ளி அவுன்ஸ் 12 டொலர் அளவுக்கு விழுந்தது. அப்போதும் நாணயம் கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் அதைவிடப் பல டொலர் கூட்டி விற்றார்கள். அமெரிக்க நாணயச்சாலையே 2013 இலும் 2015 இலும் கையிருப்பு முடிந்து, தன் ஈகிள் என்ற வெள்ளி நாணய விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஆக, நாணயத்துக்கு வெள்ளி விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பது நியாயம்தான். கப்பல் கூலி, காப்புறுதி, வரி, உங்கள் இலாபம் எல்லாம் இருக்கிறதே. அந்தக் கூடுதல் எவ்வளவு என்று தனியாகச் சொல்லுங்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

அடுத்தது அவுன்ஸ் கணக்கு. இதில்தான் எனக்குக் கோபம். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் உரிய அவுன்ஸ் 31.1 கிராம். சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம். டொலர் 300 ரூபா, வெள்ளி 50 டொலர் என்று வையுங்கள், ஓர் அவுன்ஸ் 15,000 ரூபா. 31.1 ஆல் பிரித்தால் கிராம் 482 ரூபா வருகிறது. 28.35 ஆல் பிரித்தால் 529. ஒரு கடையில் எங்கள் ஆளுக்கு இந்த இரண்டாவது கணக்கில்தான் எழுதிக் கொடுத்தார்கள். தெரியாமல் நடந்ததோ தெரிந்து நடந்ததோ, கிராமுக்கு 47 ரூபா கூடுதல். அதே கடையில் நாணயத்துக்கும் சேதாரம் போட்டிருந்தார்கள்! வெளிநாட்டில் அச்சடித்து வந்த நாணயத்தில் உங்கள் ஆசாரி எதை உருக்கி எதைச் சிந்தினார்?

கனடாவின் மேப்பிள் லீஃப், இங்கிலாந்தின் பிரிட்டானியா மாதிரி வெள்ளி நாணயங்களில் எடையும் தரமும் அடித்தே இருக்கும். இலட்சுமி படம் போட்ட பூசை நாணயங்களில் அது எப்போதும் இருப்பதில்லை. சிலது 925 தரம் (ஆயிரத்தில் 925 பங்குதான் வெள்ளி), சிலது வெள்ளிப் பூச்சு மட்டும். பூசைக்கு வாங்குபவருக்கு அது பரவாயில்லை. சேமிப்புக்கு வாங்குபவரிடம் இரண்டையும் ஒரே விலையில் நீட்டாதீர்கள்.

திருப்பி வாங்கும் விலையையும் முதலிலேயே சொல்லுங்கள். பவுனைக் கொண்டுபோனால் வங்கியிலேயே அடகு பிடிப்பார்கள், வெள்ளிக்கு அந்த வசதி இல்லை. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அவசரத்தில், வாங்கிய கடைக்குத்தான் நாணயம் திரும்பி வரும். அன்றைக்கு "வெள்ளிக்கு இப்போ கிராக்கி இல்லையம்மா" என்றால் எங்கே போவது?

அப்புறம் அட்வான்ஸ். "அடுத்த மாதம் வரும், காசைக் கட்டிவிட்டுப் போங்கள்" என்று சொல்லி வாங்குகிறீர்கள். நாணயம் வரும் நாளில் விலை ஏறியிருந்தால் மிச்சம் கேட்கிறீர்கள், இறங்கியிருந்தால் பழைய விலைதான் என்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத் தீர்மானித்து, தவணைத் தேதியோடு பில்லில் எழுதுங்கள். வராவிட்டால் காசு எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் சேர்த்து. விலையைக் காட்டுவதும் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் 2003 ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்திலேயே இருக்கிற விஷயம், நாங்கள் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

தங்கத்துக்குக் காலையில் எழுதும் பலகையில் இன்னும் இரண்டு வரி போதும்: வெள்ளி கிராம் விற்கும் விலை, வாங்கும் விலை. இந்த மாதச் சீட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுகிறது. அந்த இரண்டு வரி எழுதியிருக்கும் கடைக்குத்தான் ஆட்களை அனுப்புவதாக எங்கள் பெண்களோடு பேசி முடித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் சீட்டுப் பிடிக்கும் ஒருத்தி