ஆக்லாந்து ட்ரிப்: கிளம்பறதுக்கு முன்னாடி வீட்ல கொஞ்சம் பேசுங்க

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

டேர்ம் லீவ்ல நம்ம தமிழ்ப் பள்ளி பெரிய க்ளாஸ் பிள்ளைங்கள ஆக்லாந்து கூட்டிட்டுப் போறோம்ல, ஃபார்ம் தராதவங்க வர்ற க்ளாஸுக்குக் கொண்டு வந்துடுங்க. வெலிங்டன்ல இருந்து ஏறக்குறைய 640 கிலோமீட்டர், பஸ்ல ஒரு பகல் பூரா போயிடும், வாந்தி வர்ற பிள்ளைங்க யாருன்னு சொல்லிட்டா முன் சீட் போட்டுடலாம்.

எரிமலை மேலயா ஏத்தறீங்க டீச்சர், பயமில்லையான்னு நெறைய பேர் கேட்டீங்க. அந்த ஊரே எரிமலைங்க நடுவுல கட்டினதுதான், 50க்கு மேல இருக்கு, நாம போகப்போற மியூசியம் கூட ஒரு பழைய எரிமலை விளிம்புலதான் நிக்குது. பெரும்பாலும் ஒவ்வொண்ணும் ஒரு தடவ பொங்கி அடங்கினது. அடியில நெருப்பு முழுசா அணையல, எப்பவாவது புது எடத்துல கிளம்பலாம், அதனாலதான் விஞ்ஞானிங்க கருவி வச்சு பாத்துட்டே இருக்காங்க. நிலநடுக்கத்தோட வாழற வெலிங்டன்காரங்களுக்கு இது புதுசு இல்லையே.

போன தடவ நடந்தத சொல்லணும். மௌன்ட் ஈடன்னு சொல்ற மௌங்காஃபௌ எரிமலை மேல ஏறினோம், 196 மீட்டர் உயரம், உச்சில பச்சைப் புல்லு மூடின பெரிய குழி, 50 மீட்டர் ஆழம் இருக்கும். ஒரு பையனோட தொப்பி காத்துல பறந்து உள்ள விழ, அவன் சறுக்கிட்டே இறங்கிட்டான். பக்கத்துல நின்ன மாவோரி (நியூசிலாந்தோட பூர்வகுடி) பெரியவர் ஒருத்தர் சத்தம் போடல, மேல வாப்பான்னு மெதுவா கூப்பிட்டார். அந்தக் குழி அவங்களுக்கு மட்டாஹோங்கற தெய்வத்தோட கிண்ணம், யாரும் கால் வைக்கக்கூடாது. தப்பு பையனோடது இல்ல, சொல்லாம கூட்டிட்டுப் போன என்னோடது. குன்று இருக்கற எடமெல்லாம் குமரன்னு வளந்த நாம, அடுத்தவங்க மலைய பார்க் மாதிரி மிதிக்கலாமா? அவங்களுக்கு அந்த மலைங்க முன்னோர்ங்க, 2014ல சட்டம் போட்டு 14 மலைங்கள 13 மாவோரி குடிங்களுக்குத் திருப்பிக் குடுத்தாங்க. இத நீங்க வீட்லயே சொல்லி அனுப்புங்க, நானும் சொல்றேன்.

சனிக்கிழமை காலைல ஆக்லாந்துல இருக்கற ஓட்டாரா மார்க்கெட். சமோவா, டோங்கா தீவு ஆளுங்க சேப்பங்கிழங்கையும் தேங்காயையும் குவிச்சு வச்சு விப்பாங்க, நம்ம பாட்டிங்க பாத்தா அங்கயே உக்காந்துடுவாங்க. பத்து டாலர் குடுங்க போதும், பிள்ளைங்களே பேசி வாங்கட்டும்.

மறுநாள் ரங்கிடோட்டோ தீவு, ஃபெர்ரில அரை மணி நேரம் கூட இல்ல. வெறும் 600 வருஷம் முன்னாடி கடல்ல இருந்து எழும்பினது, கறுப்பு கல்லு கூரா இருக்கும், செருப்பு வேண்டாம், ஷூதான். எரிமலைக் குழம்பு ஓடின குகைக்குள்ள போவோம், டார்ச் வேணும். கடை கிடையாது, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. எலி, எறும்பு எதுவும் அங்க போயிடக்கூடாது, அதனால சாப்பாடு இறுக்கி மூடின டப்பால, ஜிப் வச்ச பைல. ஷூ அடியில ஒட்டின மண்ண, விதைய பழைய டூத்பிரஷ் வச்சு சந்து சந்தா தேச்சு அனுப்புங்க, கிளம்பற அன்னிக்கு காலைல பஸ்ல ஏறும்போது நான் ஒவ்வொரு ஷூவையும் திருப்பிப் பாப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியை