புரொஜெக்டர் தருகிறேன், கதவைத் திறந்து வையுங்கள்

பீளமேடு, சரவணம்பட்டி, குனியமுத்தூர்ப் பக்கம் கல்லூரி விடுதிகளில் இருக்கும் மூத்த மாணவத் தம்பிகளுக்கு,

வணக்கமுங்க. சனி, ஞாயிறுகளில் உங்களுக்குப் புரொஜெக்டரும் திரையும் ஸ்பீக்கரும் வாடகைக்குத் தருகிற ஆட்களில் நானும் ஒருவன். முன்பெல்லாம் கிரிக்கெட் இறுதிப் போட்டிக்கும் ஃபேர்வெல்லுக்கும் கூப்பிடுவீர்கள். இப்போது "அண்ணா, பேஸ் கொஞ்சம் தூக்கலா வேணும், பேய்ப் படம்" என்கிறீர்கள். பேய்ப் படமாக இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் போடுவது, எந்தெந்த நாட்டில் எதையெல்லாம் தடை செய்தார்கள் என்று தேடிப் பிடித்த படங்கள். ஜூனியர் பையன்களை முன் வரிசையில் உட்கார வைத்து, முகத்தைத் திருப்புகிறவன் எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தரணும் என்று பந்தயம். கதவுக்குத் தாழ்ப்பாள் வேறு.

இந்த மாதிரிப் படமே ஆகாது என்று சொல்ல வரவில்லை. நானும் பார்க்கிறவன்தான், அதுவும் ரசித்து. கடைசியாக நீங்கள் போட்ட 'கன்னிபல் ஹோலோகாஸ்ட்'டையே எடுத்துக்கொள்வோம். இத்தாலிக்காரர் ருஜ்ஜெரோ தியோதாதோவின் படம், 1980இல் வந்தது. காட்டுக்குள் போய்க் காணாமல் போன ஒரு படக்குழு விட்டுப்போன ஃபிலிம் சுருள்கள் என்று கதை. நிஜம் என்று ஊரே நம்பட்டும் என்று, நடித்தவர்கள் ஒரு வருடம் எங்கேயும் தலைகாட்டக் கூடாது என ஒப்பந்தம் போட்டார் மனுஷன். ஊர் நம்பியது, போலீஸும் நம்பியது. கொலைச் சந்தேகம் அவர் தலையிலேயே விழுந்து, செத்ததாகக் காட்டியவர்களை உயிரோடு கூட்டிவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. அதில் கழுவேற்றப்பட்ட பெண் வருவாளே, இரும்புக் கம்பத்தில் ஒரு சைக்கிள் சீட்டைப் பொருத்தி அதன்மேல் உட்கார வைத்து எடுத்த காட்சி அது. வாய்வழியே வெளிவரும் முனை, அவளே பல்லில் கவ்விக்கொண்ட ஒரு துண்டு பால்சா மரம். பொம்மை விமானம் செய்கிற, எடையே இல்லாத மரம். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள், அந்தப் பெண் அசையாமல் இருந்த பொறுமைக்கே கை தட்டலாம். ஜப்பானின் 'கினி பிக்' வரிசையில் 1985இல் வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நிஜக் கொலை என்று நம்பி அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ வரைக்கும் போனார் ஹாலிவுட் நடிகர் சார்லி ஷீன். ஒப்பனைக்காரருக்கு இதைவிட என்ன விருது வேண்டும்?

ஆனால் தியோதாதோ படத்தில் அந்த ஆமை நிஜம். கேமரா முன்னால் உயிரோடு அறுத்தார்கள். வேறு விலங்குகளும் அப்படியே செத்தன. பின்னாளில் அவரே அதற்கு வருத்தப்பட்டார். பிரிட்டன் தணிக்கை வாரியம் 2011இல் மனிதர் சாகும் பொய்க் காட்சிகளை எல்லாம் விட்டுவிட்டு, ஒரு விலங்கைக் கொல்லும் 15 நொடியை மட்டும் வெட்டியது. எனக்கு அது சரியான கத்தரி என்று படுகிறது.

அந்த ஆமைக் காட்சியில்தான் காங்கயம் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "கிடா வெட்டுல முன்னாடி நிக்கறவன், ஆமைக்குப் பயப்படறான் பாரு" என்று ஒரு லொள்ளு. அவன் சொன்ன பதில் சிரிப்பில் உங்களுக்குக் கேட்டிருக்காது. ஸ்பீக்கர் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "அங்க மஞ்சத்தண்ணி ஊத்தி, கிடா துலுக்குனாத்தானுங்கண்ணா வெட்டுவாங்க."

நம் ஊர்க் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். தண்ணீரை ஊற்றிவிட்டு, பங்காளிகள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம், அதுதான் துலுக்குவது. சில நேரம் கிடா லேசில் துலுக்காது. "சாமிக்கு என்ன குறை வெச்சோம்" என்று பெரியவர் ஒருவர் கலங்கிப்போய் மறுபடி ஒரு சொம்பு ஊற்றுவார். குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும் என்று நீங்கள் வாதாடலாம், நானும் மறுக்க மாட்டேன். ஆனாலும் உத்தரவு கேட்காமல் கத்தியைத் தூக்குவதில்லை. உங்கள் ஹாலில் அந்தப் பையனை யார் கேட்டது? நான்தான் போய் லைட்டைப் போட்டேன். அதற்கு என்னை ஏசினீர்கள், பரவாயில்லை.

பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்க வேண்டியதுதானே என்கிறீர்கள். கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லையே. இந்தப் படங்களில் பாதி வேலையைச் சத்தம்தான் செய்கிறது. பிரான்சில் காஸ்பர் நோயே எடுத்த 'இர்ரிவெர்சிபிள்' படத்தின் முதல் அரைமணி நேரத்தில் 30 ஹெர்ட்ஸுக்கும் கீழே ஒரு உறுமலைச் சேர்த்து வைத்தார்கள். அதைக் காதால் கேட்பதை விட வயிற்றில்தான் உணர முடியும். பார்ப்பவருக்குக் குமட்டட்டும், நிலைகொள்ளாமல் போகட்டும் என்பதற்காகவே செய்தது. அதை என் பெரிய பேஸ் பெட்டியில் போட்டால் கண்ணை மூடி என்ன பிரயோசனம்? 2002இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் அந்தப் படம் ஓடியபோது நிறையப் பேர் பாதியில் எழுந்து போனார்கள். யாரும் கதவை மறித்து நிற்கவில்லை.

அப்புறம், சட்டம். முதலாண்டுப் பையன்கள் சிலருக்குப் பதினேழுதான் ஆகியிருக்கும். தியேட்டரில் 'ஏ' படத்துக்கு அப்பாவே கூட்டிவந்தாலும் 18 ஆகாத பையனை உள்ளே விடக் கூடாது. விருப்பமில்லாதவனைப் பிடித்து உட்கார வைப்பதற்கும் நம் மாநிலத்தில் 1997இலிருந்தே ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. இரண்டு வருடம் வரை உள்ளே வைக்கலாம். படிப்பும் போகும்.

அதனால், இனிமேல் என் சாமான் வேண்டுமானால் இப்படித்தான். படத்தின் பேரையும் அதில் என்னென்ன வரும் என்பதையும் முதல் நாளே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். நிஜ விலங்கு வதை இருந்தால் கட்டாயம் எழுதணும். பதினெட்டு ஆகாதவனைக் கூப்பிடவே வேண்டாம். தாழ்ப்பாள் போடக் கூடாது, கதவுப் பக்கத்து ட்யூப்லைட் எரியணும். எழுந்து போகிறவனை ஒருத்தரும் கிண்டல் பண்ணக் கூடாது, அவன் முகத்தைப் போனில் பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பது அறவே ஆகாது. பந்தயம் கட்டியே தீரணும் என்றால் உங்களுக்குள் கட்டிக்கொள்ளுங்கள், பரோட்டாவுக்கு நானும் வருகிறேன்.

சனிக்கிழமைக்கு வேண்டும் என்றால் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், படத்தின் பேரையும் சேர்த்து. வாடகையும் முன்பணமும் பழையபடிதான்.

இப்படிக்கு,
உங்கள் புரொஜெக்டர் அண்ணன், கோவை