ஆஃப்லைன் வாசிப்பு நிரல்: வடிவத்தைத் தனியே பிரித்து வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

புல்லட்டின் போர்டுகளுக்கு (கணினி வழிச் செய்திப் பலகைகளுக்கு) ஆஃப்லைன் வாசிப்பு நிரல், அதாவது செய்திகளை ஒரே பொதியாக இறக்கி இணைப்பில்லாமல் படிக்கவும் பதில் எழுதவும் உதவும் நிரல், எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். பொதியைப் பிரிப்பது, வடிவத்தை வாசிப்பது, சேமிப்பது, திரையில் காட்டுவது, பதிலைப் பொதிவது எல்லாம் தனித்தனிக் கூறுகளாக இருக்கட்டும். திரைக்கூறுக்கு கியூ.டபிள்யூ.கே. என்ற பொதி வடிவம் என்றால் என்னவென்றே தெரியக்கூடாது. அப்போதுதான் நாளை புளூ வேவ் என்ற இன்னொரு பொதி வடிவத்தைச் சேர்க்கும்போது திரையைத் தொட வேண்டியிருக்காது.

1987-ல் வந்த கியூ.டபிள்யூ.கே. எளியதுதான், ஆனால் இடறும் இடங்கள் உண்டு. செய்திகள் இருக்கும் மெசேஜஸ்.டேட் கோப்பு முழுவதும் 128 பைட் கட்டங்கள். முதல் கட்டத்தில் செய்தி கிடையாது, தாண்டிவிடுங்கள். ஒவ்வொரு செய்தியிலும் குறித்திருக்கும் கட்ட எண்ணிக்கை தலைப்புக் கட்டத்தையும் சேர்த்தது. இதை மறந்தால் இரண்டாவது செய்தியிலிருந்தே எல்லாம் நழுவும். ஒவ்வொரு செய்தியும் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் அட்டவணையான என்.டி.எக்ஸ். கோப்புகளின் எண்கள் பழைய மைக்ரோசாஃப்ட் பைனரி மிதவைப்புள்ளி வடிவில் இருப்பவை. இன்றைய கணினிகளின் ஐ.இ.இ.இ. எண் வடிவமாக வாசித்தால் தவறான இடத்துக்குப் போவீர்கள். அட்டவணையை நீங்களே கட்டிக்கொள்வது நல்லது.

வரி முடிவுக்கு 227 என்ற பைட். யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துகள் 224-ல் தொடங்குவதால் தப்பிக்கின்றன. ஜப்பானிய கானா எழுத்துகள் 227-லேயே தொடங்குவதால் சிதையும். பொருள் வரிக்கோ 25 பைட்தான். தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் என்பதால் எட்டுக் குறியீடுகள். புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனிக் கணக்கு. எழுத்தின் நடுவே வெட்டாதீர்கள்.

பதில் பொதியில், செய்தி எண்ணுக்கான இடத்தில் அரங்கின் (போர்டில் உள்ள தலைப்புப் பிரிவின்) எண்ணை எழுத வேண்டும். தவறினால் பதில் வேறொரு அரங்கில் போய் விழும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்